நிலத்தை விற்கும் முன்: அரிய தசைநோய்களும் மருத்துவச் செலவும் (வாசகர் கேள்வி பதில்)

தசைகளையும் அவற்றை இயக்கும் நரம்புகளையும் பாதிக்கும் அரிய நோய்களுக்கு ஆகும் செலவைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஏழு வயது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றித்தான் எழுகிறான். இரத்தத்தில் சிபிகே என்ற தசை நொதியின் அளவு மிக அதிகமாக இருப்பதால் டுஷென் தசைச்சிதைவாக (சிறுவர்களின் தசைகள் படிப்படியாகச் சிதையும் மரபணு நோய்) இருக்கலாம் என்கிறார் மருத்துவர். 16 கோடி ரூபாய் ஊசி போட்டால் குணமாகிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் நிலம். அதை விற்றுவிட்டு, மீதிக்கு நன்கொடை திரட்டலாமா? (ஒரு தாய், ஒட்டன்சத்திரம்)

நிலத்தை விற்க வேண்டாம். உறவினர்கள் சொல்லும் ஊசி உங்கள் மகனின் நோய்க்கானது இல்லை.

அந்த ஊசியின் பெயர் ஜோல்ஜென்ஸ்மா. தண்டுவடத் தசைநார்ச் சிதைவு, அதாவது எஸ்எம்ஏ என்ற வேறொரு நோய் உள்ள, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக 2019ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அங்கே அதன் விலை 21.25 லட்சம் டாலர். 2021இல் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்காக நன்கொடை திரட்டப்பட்டதும், இறக்குமதி வரிகளை மத்திய அரசு தள்ளுபடி செய்ததும் பெரிய செய்திகளாக வந்த பிறகு, தசை தளரும் நோய் எதுவானாலும் '16 கோடி ஊசி' என்று பேசும் வழக்கம் வந்துவிட்டது. டுஷென் நோயில் பழுதாவது டிஸ்ட்ரோஃபின் என்ற வேறொரு மரபணு. அதற்கென ஒரு மரபணு மருந்தை அமெரிக்கா 2023இல் அனுமதித்தது உண்மைதான். 32 லட்சம் டாலர் விலையுள்ள அந்த மருந்தைப் பெற்ற, நடக்கும் திறனை ஏற்கெனவே இழந்திருந்த சிறுவர்கள் இருவர் 2025இல் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். ஐரோப்பிய மருந்து ஆணையக் குழு அதே ஆண்டு அதற்கு எதிராகவே பரிந்துரைத்தது. வாங்க முடியாமல் போனதே என்று நீங்கள் குற்றவுணர்வு கொள்ளத்தக்க மருந்து இன்றைக்கு அது இல்லை.

முதல் செலவு மரபணுப் பரிசோதனைக்கு ஆக வேண்டும். மரபணுவில் பகுதிகள் விடுபட்டோ இரட்டித்தோ இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்எல்பிஏ என்ற பரிசோதனை, டுஷென் உள்ள சிறுவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு விடை சொல்லிவிடும். அதில் ஒன்றும் தெரியாவிட்டால்தான் மரபணுவை முழுமையாக வாசிக்கும் அடுத்த பரிசோதனை தேவைப்படும். தசையை வெட்டி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி பெரும்பாலும் இப்போது வேண்டியதில்லை. எம்எல்பிஏவுக்கு ஆகும் செலவு சில ஆயிரங்களில் அடங்கும். அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறையிலோ, சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ கேட்டால் இதைவிடக் குறைவாகவோ இலவசமாகவோ செய்துகொள்ள வழியுண்டா என்பது தெரியும். அந்த அறிக்கை கையில் இல்லாமல் எந்த உதவித் திட்டத்துக்கும் விண்ணப்பம் நகராது. உங்களுக்கும் உங்கள் சகோதரிகளுக்கும் இந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதுவே அடிப்படை. மூன்றில் ஒரு பங்குச் சிறுவர்களுக்கு இது தாயிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது என்பதையும், உங்கள் வீட்டில் யாராவது உங்களைக் குறை சொன்னால் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து வருவது, எல்லாரும் ஏளனமாக நினைக்கும் மலிவான மருந்து. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. டெஃப்ளசகார்ட் அதைவிட விலை கூடியது என்றாலும் உள்நாட்டிலேயே தயாராவதால் எட்டும் விலைதான். நரம்பியல் மருத்துவர் சொல்லும் அளவில் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் சிறுவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக நடக்கிறார்கள். எடை கூடுவது, எலும்பு மெலிவது, கண்ணில் புரை விழுவது போன்ற பக்கவிளைவுகளைக் கவனித்து வர வேண்டும். என்ன காரணத்துக்காகவும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்பதும், பத்து வயதை ஒட்டி அறிகுறி எதுவும் இல்லாதபோதே இதயப் பாதுகாப்பு மாத்திரையைத் தொடங்குவதும் இன்றைய நடைமுறை. கணுக்கால் இறுகாமல் இருக்க, இரவில் அணியும் காலணைகளும் (ஸ்பிளின்ட்) வீட்டிலேயே நீங்கள் செய்துவிடும் நீட்டிப்புப் பயிற்சிகளும் போதும். இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை முறையாகக் கற்றுக்கொண்டால் தினமும் அழைத்துப் போகும் செலவு மிச்சம்.

வீணாகும் செலவையும் சொல்லிவிட வேண்டும். நோய் உறுதியான பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிபிகே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அந்த எண் ஏறுவதும் இறங்குவதும் சிகிச்சையின் பலனைக் காட்டாது. இரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவுகள் கூடியிருப்பதைக் கண்டு கல்லீரல் நோய் என்று எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள் பல. அந்த நொதிகள் சிதையும் தசையிலிருந்தும் வருபவை.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது, எடை 14 கிலோ. எஸ்எம்ஏ இரண்டாம் வகை என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. வாயால் குடிக்கும் மருந்துக்கு ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் ஆகும் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சொன்னதால் அப்படியே விட்டுவிட்டோம். மத்திய அரசு 50 லட்சம் தருகிறது என்கிறார்களே, அதை வாங்கினாலும் ஆறு மாதத்துக்குத்தானே வரும்? (ஒரு தந்தை, தஞ்சாவூர்)

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் கணக்கு சரி. 2025 அக்டோபருக்குப் பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. உடனே மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

நீங்கள் குறிப்பிடும் மருந்து ரிஸ்டிப்லாம். சுவிட்சர்லாந்து நிறுவனமான ரோஷ் 2021இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஒரு புட்டியின் விலை ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய். ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் அதே மருந்தைத் தயாரிக்க முன்வந்ததும், காப்புரிமையைக் காட்டி ரோஷ் தடை கேட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச்சிலும், இரு நீதிபதிகள் அமர்வு அக்டோபரிலும் தடை விதிக்க மறுத்தார்கள். உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. நாட்கோ தன் மருந்துக்கு அறிவித்த அதிகபட்ச சில்லறை விலை புட்டிக்கு 15,900 ரூபாய்.

இனி உங்கள் மகளுக்கான கணக்கைப் பார்ப்போம். இரண்டு வயதைக் கடந்த, 20 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைக்கு, கிலோ ஒன்றுக்கு 0.25 மில்லிகிராம் என்பது நாளொன்றுக்கான அளவு. 14 கிலோவுக்கு 3.5 மில்லிகிராம். ஒரு புட்டியில் 60 மில்லிகிராம் இருப்பதால் 17 நாளைக்கு வரும். ஆண்டுக்கு 22 புட்டிகள், அதாவது அதிகபட்ச விலையில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய். 20 கிலோவை எட்டியதும் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் எடை கூடினாலும் மருந்தின் அளவு கூடாது. அப்போது ஒரு புட்டி 12 நாள் வரும், ஆண்டுச் செலவு ஐந்து லட்சத்தை ஒட்டி இருக்கும். இதுவும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகைதான் என்றாலும், பழைய விலையில் ஆண்டுக்கு 30 புட்டி என்றால் ஒன்றே முக்கால் கோடியைத் தாண்டியிருக்கும்.

50 லட்சம் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் தொடக்கத்தில் 20 லட்சமாக இருந்த உதவி 2022 மே மாதத்தில் 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. இது ஆண்டுதோறும் வருவது இல்லை, ஒரு நோயாளிக்கு மொத்தமாக அவ்வளவுதான். பணம் உங்கள் கணக்குக்கு வராது. உயர்சிறப்பு மையம் என்று அறிவிக்கப்பட்ட மருத்துவமனையின் வழியாகச் சிகிச்சையாக வரும். பழைய விலையில் அந்தத் தொகைக்கு எட்டுப் புட்டிகள் தேறின. 15,900 ரூபாய் விலையில் முந்நூறுக்கு மேல் தேறும். முழு அளவு குடிக்கும் ஒருவருக்கு அது பத்து ஆண்டுக்கு வரும் மருந்து. தமிழ்நாட்டில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இந்த மையங்களில் ஒன்று. மரபணு அறிக்கை, ஆதார், இதுவரையிலான சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றோடு அங்கே பதிவு செய்யுங்கள். அனுமதி வருவதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், முடிந்தால் முதல் சில புட்டிகளைச் சொந்தச் செலவில் தொடங்க இயலுமா என்று மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். இந்த நோயில் இழந்த நரம்பணுக்கள் திரும்புவதில்லை. மருந்து செய்வது பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் என்பதால் தாமதத்தின் விலை அதிகம்.

2025 செப்டம்பர் 22 முதல் ரிஸ்டிப்லாமுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ரசீதில் வரி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்குத் தருவிக்கும் அரிய நோய் மருந்துகளுக்கு 2023 ஏப்ரல் முதல் அடிப்படைச் சுங்கவரியும் இல்லை. அதற்கு மாவட்ட அளவிலான அரசு மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும். தூளாக வரும் மருந்தை மருந்தாளுநர்தான் நீரில் கரைத்துத் தர வேண்டும். கரைத்த புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 64 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். தஞ்சாவூர் வரை ஐஸ் பெட்டியில் கொண்டுவர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தசைச்சிதைவு உள்ள என் தம்பி மகனுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் மீண்டும் நடப்பான் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். ஒரு சுற்றுக்குப் பல லட்சம் கேட்கிறார்கள். செய்யலாமா? (ஒரு பெரியப்பா, கரூர்)

செய்ய வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேவைகளைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது. முறையாக அனுமதி பெற்ற ஆய்வின் பகுதியாக மட்டுமே தரலாம். ஆய்வு என்றால் அதில் சேரும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆகவே கட்டணம் கேட்கிறார்கள் என்ற ஒரே காரணம் போதும், நீங்கள் எழுந்து வந்துவிடலாம். அந்தப் பணத்தில் பையனுக்கு ஒரு நல்ல சக்கர நாற்காலியும் மேற்கத்திய பாணிக் கழிப்பறையும் அமைத்துக் கொடுத்தால் அவனுக்கும் அவன் அம்மாவின் முதுகுக்கும் அன்றைக்கே பலன் தெரியும்.

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது, டுஷென் தசைச்சிதைவு. காலையில் தலைவலியோடு எழுகிறான், இரவில் பலமுறை விழிக்கிறான், சாப்பாடு குறைந்துவிட்டது. ஆக்ஸிஜன் குறைகிறது என்று சொல்லி ஆக்ஸிஜன் தயாரிக்கும் இயந்திரம் வாங்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். இன்னொருவர் பைபாப் வாங்கு என்கிறார். இரண்டுக்கும் எங்களிடம் பணம் இல்லை. எதை வாங்குவது? (ஒரு அக்கா, நாகர்கோவில்)

பைபாப் தேவைப்படும் நிலையின் அடையாளங்களைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரத்திலேயே நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆக்ஸிஜன் இயந்திரத்தை அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

காரணம் இதுதான். தம்பியின் நுரையீரல் நன்றாக இருக்கிறது, அதை விரிக்கும் தசைகள்தான் சோர்ந்துவிட்டன. தூக்கத்தில் மூச்சு ஆழமில்லாமல் போவதால் கரியமில வாயு உடலில் தங்கிவிடுகிறது, காலைத் தலைவலி அதனால்தான் வருகிறது. இந்த நிலையில் ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் கருவியில் எண் அழகாகத் தெரியும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போய் மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பி மூச்சைத் துணைசெய்வது பைபாப். விலை, மாதிரியைப் பொறுத்து, பல பத்தாயிரங்கள் ஆகும். பின்னணி மூச்சு எண்ணிக்கையை (தூக்கத்தில் அவன் மூச்சு குறைந்தால் இயந்திரமே நிமிடத்துக்குக் கொடுக்கும் மூச்சுகள்) அமைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து, மருத்துவர் எழுதித் தந்த அழுத்த அளவுகளோடு, முதலில் மாத வாடகைக்கு எடுத்துப் பழக்குங்கள். முகமூடி முகத்துக்குப் பொருந்தாமல் இயந்திரம் மூலையில் கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம். இயந்திரத்தின் விலையைப் பேசும் நேரத்தில் பாதியை முகமூடியைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிடுங்கள். மின்தடைக்கு ஒரு இன்வெர்ட்டரும் கணக்கில் சேர வேண்டும்.

சளியை வெளியேற்றும் இருமல் இயந்திரம் லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். அதை வாங்க முடியாத வீடுகளுக்கு ஆம்பு பை இருக்கிறது. ஆம்புலன்ஸில் மூச்சு கொடுக்கப் பயன்படுத்தும் கைப்பைதான் அது, ஓராயிரம் இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும். ஒருவழி வால்வு பொருத்திய பையால் மூச்சின் மேல் மூச்சாக மூன்று நான்கு முறை காற்றை அடுக்கி நிரப்பி, அவன் இருமும் அதே நொடியில் மேல்வயிற்றில் கையால் அழுத்திக் கொடுக்கும் முறையை இயன்முறை மருத்துவர் கற்றுத் தருவார். சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. தினமும் இருவேளை செய்து வந்தால், சாதாரணச் சளி நிமோனியாவாக முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் செலவைப் பலமுறை தவிர்க்கலாம். அப்படிச் சேர நேர்ந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் இடமுண்டு. ஆனால் வீட்டில் வைக்கும் கருவிகளையும் புறநோயாளிச் செலவையும் அதில் எதிர்பார்க்க முடியாது.

கருவிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். தசைச்சிதைவு நோய்க்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மின்கலச் சக்கர நாற்காலிக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி) இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள். துணையில்லாமல் பயணம் செய்ய இயலாதவர் என்ற சான்று பெற்றால், இரயிலில் அவனுக்கும் உடன்வரும் உங்களுக்கும் தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றாம் ஏசி வகுப்பிலும் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போய்வரும் உங்களைப் போன்றவர்களுக்கு இது சிறிய தொகை இல்லை.

கேள்வி: என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 44. இடுப்பு, தோள் தசைகள் தளரும் நோய் வந்து, கரும்பலகையில் எழுத முடியாமல் போய்விட்டது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். கிடைக்கும் பணத்தைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவரும் நினைக்கிறார். (ஒரு மனைவி, விழுப்புரம்)

எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இதற்காகவே இருக்கிறது. பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. இப்போதைய பணியைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படியொரு பணி இல்லையென்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ மிகைப் பணியிடத்தில் (அவருக்கென்றே கூடுதலாக உருவாக்கும் பணியிடம்) வைத்துச் சம்பளம் தர வேண்டும். தசைச்சிதைவு அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஒன்று. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்ற சான்றிதழை மாவட்ட மருத்துவக் குழுவிடம் பெற்று, வேறு பணி கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

விருப்ப ஓய்வில் வரும் தொகை பெரிதாகத் தெரிந்தாலும், இத்தகைய நோய் ஒரே தவணையில் முடியும் செலவைக் கொண்டுவருவதில்லை. இருபது முப்பது ஆண்டுகளுக்குச் சிறு சிறு தொகையாகப் பறித்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடுகொடுக்க மாதாமாதம் வரும் சம்பளமும், அதோடு வரும் ஊழியர் மருத்துவக் காப்பீடும் வேண்டும். வெளியே போய்த் தனியாகக் காப்பீடு எடுக்க முயன்றால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லவும், பிரீமியத்தைக் கூட்டவும் நிறுவனங்களுக்கு இடமிருக்கிறது. மத்திய அரசின் நிராமயா காப்பீட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கானது, உங்கள் கணவருக்குப் பொருந்தாது.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், மாற்றுத்திறனாளியாகிய அவருக்கே 80யூ என்று இதுவரை அறியப்பட்ட பிரிவின்கீழ் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழிவு கிடைக்கும். எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற ரசீது இதற்குத் தேவையில்லை, சான்றிதழ் போதும். குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்கான 80டிடிபி கழிவில் தசைச்சிதைவின் பெயர் இல்லை என்பதால் அதைக் கோரி வரித்துறையிடம் நோட்டீஸ் வாங்கிக்கொள்ள வேண்டாம். புதிய வரிமுறையில் இந்தக் கழிவுகள் கிடையாது. இரண்டு முறையிலும் வரியைக் கணக்கிட்டுப் பார்த்து, எது குறைவோ அதைச் சம்பளம் போடும் அலுவலகத்துக்கு நிதியாண்டின் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.